அந்தப் பையன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை

கேள்வி: காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்திலிருந்து நாங்கள் 14 பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். பேங்க் வேலை, ஜவுளிக்கடை, டீச்சர், ரிட்டயர் ஆனவர்கள் என்று கலந்த கூட்டம். மூன்று வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறோம். அன்றைக்கு யாருக்குத் தோதுப்படுகிறதோ அவர்கள் போவோம். பலகாரம், மதியச் சாப்பாடு, நோட்டு, பென்சில் கொண்டுபோவோம். பிள்ளைகள் என்னை ஆச்சி என்று கூப்பிடும். 7 வயதுப் பெண் ஒருத்தி பார்த்த முதல் நாளே ஓடிவந்து மடியில் உட்கார்ந்தாள். போன மாதம் என்னை அம்மா என்று கூப்பிட்டுவிட்டாள், கிளம்பும்போது சேலையை விடவே இல்லை. அன்றைக்கே 10 வயதுப் பையன் ஒருவனிடம் "அடுத்த மாசம் வர்றேன்டா" என்றேன். "சும்மா சொல்வீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இப்படிப் போய்ப் பிள்ளைகள் மனதைக் கலைப்பதற்குப் போகாமலே இருக்கலாம் என்கிறார் குழுவில் ஒருவர். நிறுத்திவிடலாமா? தீபாவளிக்கு அந்தப் பெண்ணை மட்டும் வீட்டுக்கு அழைத்து வரலாமா?
– தேவகோட்டை வாசகி

பதில்:

அன்புள்ள ஆச்சி,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது போகிற மாதிரியே போகவும் வேண்டாம்.

முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் நீங்கள் அந்தச் சின்னப் பெண்ணை நினைத்து உருகிய அளவுக்கு அவனை நினைத்து யோசிக்கவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. அவன் கோபத்தில் பேசவில்லை, கணக்குப் பார்த்துப் பேசியிருக்கிறான். மூன்று வருடம், மாதம் ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முகங்கள், ஒவ்வொரு முகமும் கிளம்பும்போது "அடுத்த மாசம் வர்றேன்" என்கிறது. அதில் எத்தனை பேர் அடுத்த மாதமே வந்தார்கள்? உங்கள் குழு வந்தது, சரி. சொன்ன ஆள் வரவில்லை. பெரியவர்களான நமக்குக் குழு வந்தால் வந்ததாகக் கணக்கு. பிள்ளைக்கு அப்படி இல்லை, தன் தலையைத் தடவிய அந்தக் கைதான் கணக்கு. அதனால் அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். ஏமாற்றத்தை முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது முதல் நாளே மடியில் வந்து உட்கார்ந்த அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அந்த வயதில் புது ஆள் வந்தால் அம்மா முந்தானைக்குப் பின்னால்தான் முகம் தெரியும். அப்பத்தா அதட்டி, "யார் வந்திருக்கா பாரு" என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் பக்கத்தில் வரும். அந்தத் தயக்கம் ஆரோக்கியமானது. எனக்கு என்று ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்டுத்தான் மற்றவரிடம் போவேன் என்று அந்தப் பிள்ளை சொல்லாமல் சொல்கிறது. வருகிறவர் எல்லாரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு, எப்போதும் நிற்கிற அந்த ஒருவர் இல்லை. நாம் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு நெகிழ்ந்துபோகிறோம், உண்மையில் அது ஒரு தேடல். ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளை 2000-க்குப் பிறகு பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குறிப்பாக 2 வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன பிள்ளைகளிடம்தான், ஒருவரை நம்பி ஒட்டிக்கொள்ளும் அந்தப் பிணைப்பு நன்றாக வளர்ந்திருந்தது. சாப்பாடும் படுக்கையும் இல்லத்திலும் இருந்தன. இல்லாமல் போனது, மாறாத ஒரு முகம். உங்கள் பெண்ணுக்கு 7 வயது, கதவு ஒன்றும் அடைபட்டுவிடவில்லை. ஆனால் அவளுக்கு மேலும் 14 முகங்கள் வேண்டாம்.

நானே செய்த தப்பு ஒன்று இருக்கிறது. சமூகப் பணி படித்துக்கொண்டிருந்தபோது களப் பயிற்சிக்காக ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். வாரா வாரம் வியாழக்கிழமை, ஆறு மாதம். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். சொன்னால் அழுவார்கள், சொல்லாமல் போவதுதான் நல்லது என்று பெரியவர்கள் சொன்னார்கள், எனக்கும் அது வசதியாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு வந்து நின்றாள். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. "அக்கா, அந்த வியாழக்கிழமை ஏன் வரலை?" என்றாள். இரண்டு வருடத்தை அவள் கேட்கவே இல்லை, அந்த ஒரு வியாழனைத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை அந்தப் பிள்ளை வாசலில் எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதனால் உங்கள் குழுவுக்கு நான் சொல்வது இதுதான். 14 பேரில் 4 பேர் மட்டும் பிள்ளைகளோடு பழகுகிறவர்களாக இருங்கள். ஒரு வருடத்துக்கு அதே 4 பேர். மாதம் இரண்டு முறை, இரண்டாவது ஞாயிறும் நாலாவது ஞாயிறும், ஒரே நேரம், சொன்னால் சொன்னபடி. கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் முந்தின வாரமே போன் பண்ணிப் பிள்ளையிடமே சொல்லிவிட வேண்டும், காப்பாளர் வழியாக அல்ல. ஒரு வருடத்துக்கு முடியுமா என்று மனதுக்குள் நன்றாகக் கேட்டுப் பார்த்து, முடியாது என்று தோன்றினால் அந்த 4 பேரில் சேர வேண்டாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையார் நோன்புக்கு நம் வீடுகளில் 21 நாள் ஒரு நாள் விடாமல் நாளுக்கு ஒரு நூலாகச் சேர்த்துத்தான் இழை திரிக்கிறோம், கடைசி நாள் ஞாபகம் வந்து 21 நூலையும் ஒன்றாக எடுப்பதில்லை. பிள்ளைகள் விஷயமும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

அந்த 4 பேரில் ஒருவர் விலக நேர்ந்தால், ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டு விலகட்டும். கடைசியாக வருகிற நாளை, கடைசி நாள் என்று சொல்லியே வரட்டும். அழுவார்கள், அழட்டும். சொல்லிக்கொண்டு போகிறவர்கள் உலகத்தில் உண்டு என்பதையே அறியாத பிள்ளைகள் அவர்கள்.

மீதி 10 பேர் என்ன செய்வது? வேலை நிறைய இருக்கிறது, பெரும்பாலும் பிள்ளைகள் கண்ணில் படாத வேலை. நம் பக்கத்துக் கொடை எப்படி நடக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் பேச வேண்டும், இது நீண்ட நாளாக என் மனதில் இருப்பது.

செட்டிநாட்டில் கொடுக்கிற மனசுக்குக் குறைவே இல்லை. மணிவிழா, பீமரத சாந்தி, சதாபிஷேகம், படைப்பு, பெரியவர்கள் நினைவு நாள், எதுவானாலும் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு போட்டுவிடுவோம். நல்லதுதான். ஆனால் அந்தச் சாப்பாடு நடக்கிற விதத்தைப் பிள்ளை இருக்கிற இடத்திலிருந்து பாருங்கள். பன்னிரண்டரைக்குப் பசி வந்துவிடும். வீட்டார் கோயில் முடித்து, உறவுக்காரர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வர ஒன்றே முக்கால் ஆகும். அதுவரை பிள்ளைகள் குளித்துத் தலை சீவி வரிசையில் இருக்க வேண்டும். வந்ததும் ஒரு பாட்டு, பிறகு வாழ்த்து, பிறகு இலை முன்னால் உட்காரவைத்துப் போட்டோ. வாழைக்காய் வறுவல் ஆறிப்போய் இலையில் கிடக்கும். இது வருடத்தில் எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். தீபாவளி வாரத்தில் ஒரே பிள்ளைக்கு மூன்று புதுச்சட்டை வரும், ஆனி ஆடியில் ஒரு ஜட்டி வாங்கித் தர ஆள் இருக்காது. நீங்கள் கொண்டுபோகிற நோட்டும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குப் பாடப் புத்தகம், நோட்டு, சீருடை, பை எல்லாம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது உள்ளாடை, பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், பல் டாக்டர், மூக்குக் கண்ணாடி. கரும்பலகை தெரியாமலே மூன்று வகுப்பு தாண்டி, படிப்பில் மக்கு என்று பெயரெடுத்த ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போட்ட பிறகுதான் அவனுக்கே விஷயம் புரிந்தது.

அதனால் பலகாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மணகோலமும் சீப்புச்சீடையும் சம்படத்தோடு எடுத்துப் போங்கள், ஆனால் மேடை போட்டுக் கொடுக்காமல், சமையல் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், அவர் நாலு நாள் சாயங்காலம் பிரித்துக் கொடுக்கட்டும். விருந்துச் சாப்பாட்டுக்குப் பதிலாக 14 பேரும் மாதம் 500 ரூபாய் போட்டால் 7,000 ரூபாய் ஆகிறது. அதை வைத்து அந்த ஊரிலேயே இருக்கிற, பி.எட். முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணைத் தினமும் மாலை பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யலாமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். தினமும் வருகிறவள், அதே ஆள். இல்லையென்றால் அந்தப் பணம் பராமரிப்பு அக்காவின் சம்பளத்தோடு சேரட்டும். இது பலருக்குப் பிடிக்காத யோசனை, பிள்ளைகளுக்கு என்று கொடுத்தால் பிள்ளைகளுக்குத்தானே போக வேண்டும் என்பார்கள். நான் மனதார நம்பிச் சொல்கிறேன், இது பிள்ளைகளுக்குத்தான் போகிறது. ராத்திரி காய்ச்சல் வந்தால் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறவர் அந்த அக்கா. சம்பளம் போதாமல் எட்டு மாதத்தில் அவர் ஒரு கடை வேலைக்குப் போய்விட்டால், அந்தப் பிள்ளைகள் இன்னொரு தடவை ஒருவரை இழக்கிறார்கள். மாதம் ஒருநாள் வருகிற நம்மைவிட, அந்த அக்கா அங்கே நாலு வருடம் நீடித்து நிற்பது பெரிய விஷயம்.

உங்கள் குழுவில் பேங்க்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களை 16, 17 வயதுப் பிள்ளைகளிடம் அனுப்புங்கள். வருகிற எல்லாருக்கும் சின்னக் குழந்தைகள்தான் வேண்டும், மீசை முளைத்த பையன்களை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சப் போவதில்லை, அவர்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். 18 முடிந்தால் இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற பயம் அவர்களுக்கு 15-லேயே வந்துவிடும். அதற்குப் பிறகும் 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும். பேங்கில் கணக்குத் திறப்பது, ஏ.டி.எம். கார்டு வைத்துக்கொள்வது, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் அட்மிஷனுக்கு எந்த மாதம் பாரம் போடுவது, தனியாக பஸ் ஏறி சிவகங்கை போய் வருவது. நம் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தே கற்றுக்கொள்கிறது. அந்தப் பக்கத்தில் இருப்பதைத்தான் உங்கள் நண்பர்கள் கொடுக்கலாம்.

இனி தீபாவளி. அவளை மட்டும் வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம்.

இரண்டு காரணம். ஒன்று சட்டம். இல்லத்தில் இருக்கும் பிள்ளை, சட்டப்படி மாவட்டத்தில் அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில் அங்கே இருக்கிறது. அந்தக் குழுவின் அனுமதி இல்லாமல் நீங்களும் அழைத்துப்போக முடியாது, காப்பாளரும் அனுப்ப முடியாது. "நம்ம ஆச்சிதானே" என்று ஓர் இல்லம் அனுப்பிவிடுகிறது என்றால், அதே இல்லம் நாளைக்கு இன்னொருவரோடும் அனுப்பும், அந்த இன்னொருவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போகிற இல்லம் 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு பெற்றதா என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வது அவமரியாதை இல்லை. உங்கள் நான்கு பேரைப் பற்றிப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்டால், அதையும் சந்தோஷமாகக் கொடுங்கள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள், போகிறவர் பெண்ணாக இருந்தாலும் சரி.

இரண்டாவது காரணம் அந்தப் பெண். பட்டாலையும் வளவும் முகப்பும் உள்ள வீட்டில் இரண்டு நாள், எண்ணெய்க் குளியல், புதுப்பாவாடை, கந்தரப்பம், மத்தாப்பு, மூன்றாம் நாள் காலையில் திரும்ப இல்லத்து வாசல். அவளுக்கு அது பண்டிகையாக இருக்காது, இரண்டு நாள் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் படும். கூட இருக்கிற மற்றப் பிள்ளைகள் அவளை என்ன சொல்லும் என்பதையும் யோசியுங்கள். அவளைக் குடும்பமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் உங்கள் வீட்டில் உண்மையிலேயே இருந்தால், சிவகங்கையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, வளர்ப்புப் பராமரிப்பு (தத்து எடுக்காமல் பிள்ளையை நம் குடும்பத்தில் வைத்து வளர்ப்பது) பற்றி அங்கே போய்க் கேளுங்கள். தத்து என்பது வேறு, அது மத்திய தத்து அமைப்பின் இணையதளத்தில் பதிந்து வரிசையில் காத்திருப்பது, நமக்குப் பழகிய பிள்ளையை நாமே சுட்டிக்காட்டி எடுக்க முடியாது.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அவளுக்கு அம்மா இருக்கலாம். நாம் அநாதை இல்லம் என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம் (பிள்ளைகள் காதுபட அந்தச் சொல்லைத் தயவுசெய்து சொல்லாதீர்கள்), ஆனால் நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். புருஷன் இறந்து திருப்பூர் மில்லுக்குப் போன அம்மா, குடியால் வீடு நின்றுபோன குடும்பம், மறுகல்யாணத்தில் இடமில்லாமல் போன பிள்ளை. வறுமைதான் பாதி. அவளுடைய குடும்ப விவரத்தைக் காப்பாளர் உங்களிடம் சொல்லக் கூடாது, நீங்களும் துருவக் கூடாது. "குடும்பத்தோடு திரும்பச் சேரக்கூடிய பிள்ளைகள் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் என்ன செய்யலாம்" என்று மட்டும் கேளுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு, குடும்ப வருமானம் கிராமத்தில் வருடம் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். மில்லில் வேலை பார்க்கிற ஒரு அம்மாவுக்கு வருமானச் சான்று வாங்க இரண்டு நாள் லீவு போட்டால் சம்பளம் போய்விடும். உங்கள் ரிட்டயர்டு நண்பர் ஒருவர் கூடப் போய் அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால், ஒரு பிள்ளை தீபாவளிக்கு மட்டுமல்ல, ஒரேயடியாக வீட்டுக்குப் போகலாம்.

போட்டோ பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மூன்று வருடம் போன குழுவில் போட்டோ இல்லாமல் இருக்காது. பிள்ளையின் முகம், பெயர், பள்ளி, அடையாளம் தெரிகிற எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைக்காதீர்கள், அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழியின் அம்மா போனிலும் அந்த ஸ்டேட்டஸ் வரும். பழையதை எல்லாம் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தச் சின்னப் பெண் மறுபடி அம்மா என்று கூப்பிட்டால் என்ன செய்வது? கையை உதறாதீர்கள், அழவும் வேண்டாம், நீங்கள் அழுதால் உங்களைத் தேற்றுகிற வேலையும் அவள் தலையில் விழும். பக்கத்தில் உட்காரவைத்து, "நான் உன் ஆச்சிடா. ரெண்டாவது ஞாயிறும் நாலாவது ஞாயிறும் பத்து மணிக்கு வருவேன், பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவேன்" என்று சொல்லுங்கள். அம்மா என்ற இடத்தை அவளுக்காகக் காலியாகவே விட்டு வையுங்கள், அதற்கு உரியவர் வரலாம், இல்லை வேறொருவர் முறையாக வரலாம். கிளம்பும்போது பின்வாசல் வழியாக நழுவாதீர்கள். கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போதே சொல்லுங்கள், பராமரிப்பு அக்கா கையில் அவள் கையைக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். முதல் நாலைந்து தடவை சேலையைப் பிடிப்பாள். சொன்ன ஞாயிறு சொன்னபடி வந்துகொண்டே இருந்தால் பிடி தளரும், ஒருநாள் விளையாட்டுக்கு நடுவில் இருந்துகொண்டே "போயிட்டு வாங்க ஆச்சி" என்று கை மட்டும் அசைப்பாள். அன்றைக்கு உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு எழுதுங்கள், நான் சந்தோஷப்படுவேன்.

அடுத்த முறை போகும்போது கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்றும் சிவப்புப் பேனாவும் எடுத்துப் போங்கள். அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதான், நாங்க சொன்னபடி வரலை" என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு பேனாவை அவன் கையில் கொடுத்து, வருகிற ஞாயிறுகளை அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள். அவன் மாட்டேன் என்று போய்விட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், நீங்களே வட்டம் போட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு வாருங்கள்.